பொன்னாடைக்கு ஒரு தோள்

“பார்த்து, பார்த்து! சுவரில் இடித்தால் அவளுக்கு வலிக்கும்!” என்று ஆங்கிலத்தில் பதறியபடி, ஆளுயர ஹார்ப் வாத்தியத்தை அணைத்துக்கொண்டு அந்த வெள்ளைக்காரர் லண்டனின் மிச்சம் பகுதித் தமிழ்ச் சங்க மண்டபத்துக்குள் நுழைந்தார். கறுப்புக் கோட்டு, பஞ்சாய் நரைத்த தலை. மறுபக்கம் பிடித்து வந்தவள் மயூரா, அன்றைய விழாவில் அதை வாசிக்கப்போகிறவள்.

சங்கத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிரதம விருந்தினராக வரவேண்டியவர் சற்றுமுன்தான் போனில் கையை விரித்திருந்தார். பொன்னாடையும் மாலையும் மேசையில் ஆளில்லாமல் கிடந்தன.

முன்வரிசையில் பக்கத்து ஸ்ட்ரெதம் பகுதிச் சங்கத் தலைவர் லோகன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். போன வருஷம் தன் விழாவுக்குச் சினிமாப் பாடகர் ஒருவரையே கொண்டுவந்து இறக்கியவர். அன்றோடு மிச்சம் சங்கத்தில் பாதிப்பேர் அவர் பக்கம் போய்விட்டார்கள். இன்றைக்கும் மானம் போனால் மீதிப்பேரும் போய்விடுவார்கள்.

“என்ன அண்ணை, உங்கட பிரதம விருந்தினர் எங்கை? டிராமுக்குள்ள மாட்டுப்பட்டிட்டாரோ?” என்றார் லோகன்.

“அவர் அப்பவே வந்திட்டார்,” என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா, வெள்ளைக்காரரைக் கண்ணால் காட்டி.

நேற்றுத்தான் மயூராவைப் போனில் பிடித்து, அவள் வாசிக்கப்போகும் இசையை எழுதியவர் யார் என்று விசாரித்திருந்தார். எட்மண்ட் வாரிங், பெரிய ஹார்ப் கலைஞர் என்றவள் வருஷங்களை அடுக்கத் தொடங்கினாள். “வருஷமெல்லாம் வேண்டாம் பிள்ளை, சனம் நித்திரையாயிடும். கதையை மட்டும் சொல்லு” என்று வெட்டிவிட்டார்.

இப்போது பிள்ளை ஆளையே கூட்டி வந்துவிட்டாள்! ஸ்ரீஸ்கந்தராஜா ஓடிப்போய் விருந்தாளியை மேடையோரம் உட்காரவைத்து, தட்டு நிறைய வடை கொடுத்தார். அவருடைய கோட்டுப் பையிலிருந்து தடித்த கையுறைகள் எட்டிப் பார்த்தன. விரல்களை எப்படிக் காப்பாற்றுகிறார், மேதை மேதைதான் என்று தலைவர் மெய்சிலிர்த்தார்.

மைக் தலைவர் கைக்கு வந்தது.

“பிரிஸ்டலில் பேக்கரிக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்து, துறைமுகத்து மாலுமிகளுக்கு ஹார்ப் வாசித்து வளர்ந்தவர் எட்மண்ட் வாரிங்! வியன்னாவுக்குப் போகும் வழியில் வண்டி பனியில் கவிழ்ந்தபோது, தன் எலும்பு முறிந்தாலும் பரவாயில்லை என்று ஹார்ப்பைக் கட்டிப்பிடித்தபடி விழுந்தவர்! இவர் வாசித்த வேகத்தைக் கேட்டு, திரைக்குப் பின்னால் இன்னொருவர் ஒளிந்திருக்கிறாரா என்று சனம் எட்டிப் பார்த்ததாம். மகாராணி ஒருவர் தன் மோதிரத்தையே கழற்றிக் கொடுத்தாராம். அப்பேர்ப்பட்ட மேதை, இதோ, எங்கள் மிச்சம் மண்டபத்தில் வடை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்!”

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. தமிழில் ஒரு சொல்லும் விளங்காத மனிதர், யாருக்குக் கைதட்டுகிறார்கள் என்று தன் பின்னால் திரும்பிப் பார்த்தார். அதற்குள் தலைவர் சைகை காட்ட, கமிட்டிக்காரர் இருவர் அவரை ஆளுக்கொரு கையாகப் பிடித்து மேடையேற்றிவிட்டார்கள். தோளில் பொன்னாடை, கழுத்தில் மாலை. மனிதர் முகம் சிவந்து, “தாங்க் யூ, தாங்க் யூ” என்று நாலு பக்கமும் கும்பிட்டார்.

ஹார்ப்பின் பின்னால் மயூரா வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்குப் பேச்சே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார் ஸ்ரீஸ்கந்தராஜா.

பிறகு அவள் வாசித்தாள். அழுது அடம்பிடித்த குழந்தைகள்கூட அடங்கிப்போயின. லோகன் போட்டிருந்த காலைத் தன்னையறியாமல் கீழே இறக்கினார். அதைப் பார்த்த தலைவருக்கு வயிறு குளிர்ந்துபோனது.

விழா முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஓடினார். “எடி பிள்ளை, இவ்வளவு பெரிய மனிசனை எப்பிடிப் பிடிச்சனீ?”

“ஐயோ அங்கிள்! எட்மண்ட் வாரிங் செத்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேல. இவர் என்ரை ஹார்ப்பை ஏத்திவந்த வான் டிரைவர்!”

ஸ்ரீஸ்கந்தராஜா திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டார். “அப்ப... அப்ப அந்தாள் ஏன் மேடைக்கு வந்தவர்?”

“ரெண்டு பேரை விட்டு இழுத்துக்கொண்டு வந்தா, பாவம், அவர் என்ன செய்யிறது?”

வருஷம் வேண்டாம் என்று சொன்ன தன் வாயைத் தானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. திரையை விலக்கிப் பார்த்தால், அங்கே லோகன் வான் டிரைவரின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்து ஏதோ பேசிக்கொண்டார்கள்; டிரைவர் தன் டயரியில் எதையோ குறித்துக்கொண்டார்.

சரி, குட்டு உடைந்துவிட்டது. விடிந்தால் லண்டன் முழுக்க இதே பேச்சாக இருக்கும், தலைவர் பதவியும் சங்கமும் அதோடு சரி.

லோகன் நேரே அவரை நோக்கித்தான் வந்தார். முகத்தில் அப்படியொரு வெற்றிச் சிரிப்பு. ஸ்ரீஸ்கந்தராஜா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

லோகன் அவர் காதருகே குனிந்தார்.

“அண்ணை, கோவிக்காதேங்கோ, எட்மண்ட் வாரிங்கை அடுத்த மாசம் எங்கட விழாவுக்கும் புக் பண்ணிப்போட்டன்!”