ஆட்டுக்கால் சூப் வைத்தியம்

முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம். "இனி பழையபடி ஓடலாம்" என்று டாக்டர் சொல்லியும், பயத்தில் நான் நடையோடு நிறுத்திக்கொண்டேன்.

மனைவி மரியசெல்வி, பிளாஸ்க்கில் ஆட்டுக்கால் சூப்பை நீட்டினாள். "கோட்டைகிட்ட போய்க் குடிங்க."

எனக்கு அந்த வாடையே ஆகாது. மேலே கொழுப்பு, நடுவே மயிர்! செஞ்சிக் கோட்டையை எட்டு வருஷம் முற்றுகையிட்ட படைகூட இதை மோந்தால் எட்டே நிமிஷத்தில் ஓடியிருக்கும். ஒரு வாய் வைத்தேன். குமட்டியது.

"இன்னாடி, உப்பே இல்ல?"

"டாக்டர் ஆவாதுன்னாரு. மூக்க மூடிக்கினு குடிங்க."

கோட்டை வாசல் நாய்களுக்கு ஊற்றிவிட்டேன். மறுநாள் நாற்பது நாய்கள்! மூடியைத் திறப்பதற்குள் பாய்ந்தன. ஓடினேன். தினமும் துரத்தின, தினமும் ஓடினேன்.

மூன்றே மாதத்தில், அனந்தபுரம் முதியோர் ஓட்டப்பந்தயத்தில் எனக்குத்தான் கோப்பை.

"எல்லாம் உன் சூப்பு மகிமைடி!" என்று கூசாமல் அளந்தேன்.

"வாடையே ஆவாத மனுஷன் குடிப்பீங்கன்னா வெச்சேன்?" என்று சிரித்தாள் மரியசெல்வி.

"அப்போ டாக்டர் உப்பு ஆவாதுன்னு சொன்னது?"

"மாட்டாஸ்பத்திரி டாக்டருங்க. நாய்ங்களுக்குத்தான் உப்பு ஆவாதாம்."