நடு ஸ்பீக்கர்

"மூணாவது தடவை வர்றேன். இன்னும் என் பேச்சு வரலை. நீ டிகிரி படிச்சவதானே?"

கல்யாண வீடியோ கடையின் மேஜைமேல் டிவிடியைப் போட்டார் சீனிவாசராகவன். அரசாங்க உத்தியோகத்திலிருந்து அவர் ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் அந்த அதட்டல் மட்டும் ஓய்வு பெறவில்லை. பக்கத்தில் அவர் மனைவி அனந்தலக்ஷ்மி, தானே ஏதோ தப்புச் செய்துவிட்டவள் போல நின்றாள்.

அந்த வீடியோவுக்கு ஒலி சேர்த்த லாவண்யாவுக்குச் சுர்ரென்று ஏறியது. பெங்களூர் மர்பி டவுனில் அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். எது தப்பானாலும் முதலில் அந்த டிகிரியைத்தான் இழுக்கிறார்கள்.

"சார், டிஸ்க்ல தப்பே இல்ல. சடங்கெல்லாம் ஸ்டீரியோ, ரெண்டு பக்க ஸ்பீக்கர் போதும். நீங்க பேசின பத்து நிமிஷம் மட்டும் சரவுண்ட். 'ஆறு ஸ்பீக்கர் வாங்கியிருக்கேன், ஆறும் பேசணும்'னு நீங்கதான கேட்டீங்க? உங்க குரல் டிவிக்குக் கீழ இருக்கற நடு ஸ்பீக்கர்ல வரும். ஜனங்க சிரிக்கறது, கைதட்டறது எல்லாம் பின்னாடி ஸ்பீக்கர்ல."

"சிரிப்பெல்லாம் நன்னா வர்றதும்மா" என்றாள் மாமி. "இவர் பேசறதுதான் வரலை. எதுக்குச் சிரிக்கறான்னே புரியலை. அறுபதாம் கல்யாணத்தன்னிக்கு நான் கூறைப்புடவை மாத்திக்க உள்ளே போயிட்டேன். அந்த நேரம் பார்த்து இவர் மைக்கைப் பிடிச்சுட்டார். என்னைப் பத்தித்தான் பேசினாராம். பார்க்கறவா எல்லாரும் 'மாமா என்னமாப் பேசினார்'ங்கறா. நான் ஒருத்திதான் கேக்கலை."

"இங்கயே போட்டுக் காட்டறேன் மாமி. அஞ்சு நிமிஷம்."

"வேண்டாம்!" சீனிவாசராகவன் குறுக்கே பாய்ந்தார். "உன் கடையில கேக்கறதுக்கா அத்தனை பெரிய செட்டு வாங்கி வெச்சிருக்கேன்? வீட்ல வரணும்."

உள்ளே எடிட்டிங் அறையிலிருந்து முதலாளி பழனிச்சாமி எட்டிப் பார்த்தார்.

"லாவண்யா, சார் வீட்டுக்கே போய்ப் பாரு. மூணு தடவை ஆயிடுச்சு. டிஸ்க்ல தப்புன்னா நாளைக்கு நீ வேலைக்கு வர வேணாம்."

"தப்பு இல்லன்னா?"

"இல்லன்னு சார் கையால எழுதி வாங்கிட்டு வா."

"வாங்கிட்டு வரேன்." அவள் அப்போதே பையைத் தூக்கித் தோளில் மாட்டிவிட்டாள்.

"வீட்டுக்கெல்லாம் எதுக்கு... இன்னொரு டிஸ்க் போட்டுக் கொடுத்தாப் போறும்" என்று இழுத்தார் சீனிவாசராகவன்.

"ஏன்னா, அந்தப் பொண்ணே வரேங்கறா. வரட்டுமே" என்றாள் மாமி.

காக்ஸ் டவுன் கடையிலிருந்து மூவரும் ஆட்டோ பிடித்து அல்சூர் வீட்டுக்கு வந்தார்கள்.

கூடத்தில் ஆறு ஸ்பீக்கரும் பளபளவென்று இருந்தன. மாமி காபி கலக்க உள்ளே போனாள். லாவண்யா டிஸ்க்கைப் போட்டாள். நாதஸ்வரம் இரண்டு பக்கமும் சுத்தமாகக் கேட்டது. மந்திரம் கேட்டது. பிறகு பேச்சு. திரையில் மாலையும் கழுத்துமாக சீனிவாசராகவன் வாயை அசைத்தார். சத்தமே இல்லை. பின்னாலிருந்து மட்டும் கொல்லென்று ஒரு சிரிப்பு.

லாவண்யா குனிந்து டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் கையை விட்டாள். நடு ஸ்பீக்கரின் வயர் கையோடு வந்தது. நுனியில் கறுப்பு டேப் அழகாகச் சுற்றியிருந்தது.

"சார், இங்க பாருங்க! யாரோ வயரைப் பிடுங்கி டேப் வேற சுத்தி வெச்சிருக்காங்க. என்னைப் போய்..."

"ஷ்! மெதுவா." சீனிவாசராகவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "சத்தம் போடாதேம்மா. நான்தான்."

லாவண்யா அவரை முறைத்தாள். "உங்களால என் வேலை போகப் பார்த்துச்சு, சார். மூணு தடவை கடைக்கு வந்து எல்லார் முன்னாடியும் கத்துனீங்களே!"

"அவ விடலியே. 'கடைக்குப் போலாம், சரி பண்ணிண்டு வரலாம்'னு தினமும் நச்சரிப்பு. நான் என்ன பண்ணுவேன்?" அவர் சமையலறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "முதல் டிஸ்க் வந்த அன்னிக்கு அவ கோவிலுக்குப் போயிருந்தா. அவ உட்கார்ற சோபாவுல உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். அத்தனை பேர் சிரிப்பும் என் முதுகுல வந்து விழுந்தது." வயர் நுனியைக் கையால் மூடிக்கொண்டார். "இதை மறுபடி மாட்டிடாதேம்மா. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

ஒலி சேர்க்கும்போது அந்தப் பேச்சை இருபது தடவையாவது கேட்டிருப்பாள் லாவண்யா. அவளுக்கு இரக்கம் வரவில்லை. பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

"டிஸ்க்ல தப்பு இல்லன்னு எழுதுங்க."

அவர் உடனே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மாமி காபியோடு வந்தாள். "வந்துதா?"

"டிஸ்க் சரியா இருக்கு மாமி. நடு ஸ்பீக்கர்தான் போயிடுச்சு. இனிமே வராது."

மாமியின் முகம் வாடிவிட்டது. "அப்போ என்னைப் பத்தி என்ன சொன்னார்னு நான் கேக்கவே முடியாதா?"

"ஏன் முடியாது? சார்தான் முழுசா எதிர்லயே இருக்காரே. உட்காருங்க மாமி. அன்னிக்குப் பேசினதை உங்க மூஞ்சியப் பார்த்து இப்போ சொல்லட்டும். நானும் கேட்டுட்டுத்தான் போவேன்."

மாமி வெட்கத்தோடு சோபாவில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "சொல்லுங்கோன்னா" என்றாள்.

"இந்த மண்ணாங்கட்டியோட முப்பத்தஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணினேனே, மாலை அதுக்குன்னா போடணும்!" என்று மைக்கில் சொல்லி நானூறு பேரைச் சிரிக்க வைத்தவருக்கு, எதிரே காத்திருந்த அந்த ஒருத்தியிடம் சொல்ல ஒரு வார்த்தைகூட வரவில்லை.