கரண்ட் வரும்வரை

வடக்கத்திய ஊரின் ஜூன் மாத மத்தியானம். கூலரின் இரைச்சலுக்கு நடுவே கல்லூரி ஆய்வகத்தில், மின்னழுத்தத்தைத் திரையில் கோடாகக் காட்டும் பழைய ஆசிலோஸ்கோப்பில் பச்சைக் கோடு தனக்குரிய கட்டத்தில் அசையாமல் நிற்கிறது. சாருலதா அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் அதன் உள்ளே இருந்த பேட்டரியை மாற்றியது அவள்தான். பழையதைக் கழற்றிய நொடியில், சரியாக அளப்பதற்கான கணக்கையெல்லாம் கருவி மறந்துவிட்டது. கல்லூரியில் வேறொன்று வாங்கித் தரமாட்டார்கள். ஃபோனில் சொன்னபோது தோழி மங்கை, "ஏன் கழட்டினே?" என்று கேட்கவில்லை. தன் ஆபீஸில் அனுமதி வாங்கி, துல்லியமான வோல்டேஜ் தரும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்துவிட்டாள். காலையிலிருந்து இருவரும் ஒவ்வொரு அளவாகக் கொடுத்து, கருவிக்குத் திரும்பக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

"ஆட்டோக்காரன் கேக்கறான், மேடம்ஜி, இந்தப் பெட்டி டிவியான்னு. ஆமா பையா, ஒரே சேனல்தான் வரும்னேன்" என்கிறாள் மங்கை.

சாரு சிரிக்கும்போதே கரண்ட் போகிறது. கூலர் இழுத்து இழுத்து அடங்க, திரை கறுக்கிறது. கற்றுக்கொடுத்ததையெல்லாம் புது பேட்டரி பிடித்து வைத்திருக்குமா?

"போயிருச்சாடி மங்கை?"

"போனா மறுபடி முதல்லேர்ந்து போடுவோம். ராத்திரிக்கு எங்க வீட்டுக்காரரே ரொட்டி சுடட்டும்" என்று துப்பட்டா நுனியால் இருவருக்குமாக விசிறுகிறாள் மங்கை. அதைக் கேட்டதுமே சாருவின் பயம் பாதி இறங்கிவிடுகிறது.

கரண்ட் வருகிறது. கருவி தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. மங்கை தன் பெட்டியின் சுவிட்சைத் தட்டிவிட, பச்சைக் கோடு எழுந்து சரியான கட்டத்தில் போய் நிற்கிறது.

"அச்சா! பாருடி!"

சாரு திரையைப் பார்க்கவில்லை. மங்கையின் கழுத்தோரம் வழியும் வேர்வையைத் தன் முந்தானையால் ஒற்றி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.