கையை விடுடா

திலகவதிக்குக் கொரிய மொழி தெரியாது, திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளும் புரியாது. மருமகள் அபிநயாதான் சாயங்காலங்களில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்வாள். அந்தக் கொரியத் தொடரில் கதாநாயகன் கதாநாயகியின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுக்கும்போதெல்லாம் பின்னணியில் வயலின் குழையும்.

“என்ன சொல்றான்?”

“பிரியத்துலதான் பிடிச்சேன்னு சொல்றான், அத்தை.”

“பிரியத்துல பிடிச்சா இப்படியா செவக்கும்? கையை விடுடா!” என்று திலகவதி டிவியை அதட்டுவாள். அபிநயா சிரித்துக்கொண்டே தன் வளையல்களை மணிக்கட்டுவரை இறக்கிவிட்டுக்கொள்வாள்.

அன்று தொடரில் கதாநாயகி மனநல மருத்துவரின் எதிரே உட்கார்ந்திருந்தாள். அப்போது மகன் யுவராஜ் உள்ளறையிலிருந்து வந்தான். “கூப்பிட்டது காதுல விழலையா?” என்று மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். ரிமோட் கீழே விழுந்து படம் அப்படியே நின்றது.

“கையை விடுடா.”

திலகவதி திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் யாரும் யார் கையையும் பிடித்திருக்கவில்லை.

யுவராஜின் விரல்கள் மெல்லப் பிரிந்தன. அம்மாவைப் பார்க்காமலே வெளியே போனான்.

திலகவதி குனிந்து ரிமோட்டை எடுத்து மருமகளிடம் கொடுத்தாள். “டாக்டரம்மா என்ன கேக்குறா?”

அபிநயா திரையில் நின்றுபோன ஆங்கில எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எத்தனை நாளா இப்படின்னு கேக்குறாங்க.”

“அவ என்ன சொல்றா?”

படம் இன்னும் ஓடவில்லை.

“கல்யாணமான மாசத்துலேர்ந்து, அத்தை,” என்றாள் அபிநயா. கேட்க ஒருத்தி இருந்ததற்கு நன்றி சொல்வதுபோல, வளையல்களை மேலே ஏற்றிவிட்டு, கையை அத்தையின் மடியில் வைத்தாள்.