வெரி மச், டூ மச்

இங்கிலீஷ் டீச்சர் பலகையில் ‘டூ’ என்று எழுதி அதன் கீழே கோடு இழுத்தபோது எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். அவன் மட்டும் முன்பெஞ்சில் இருந்த கண்ணாடிக்கடைக்காரரின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தத் தலை மறுபடியும் அவன் மனைவியின் பக்கம் சாய்ந்தது.

அவள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். கண்ணாடிக்கடைக்காரர் தலையாட்டிச் சிரித்தார்.

அவனுக்கு வயிறு எரிந்தது.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் அவளுக்கு, வரவேற்பு மேஜைக்கு மாற இங்கிலீஷ் தேவைப்பட்டது. மாலை வகுப்பில் சேர்ந்தாள். லிஃப்ட் பழுதுபார்க்கும் அவனுக்கு இங்கிலீஷ் ஒன்றும் தேவைப்படவில்லை. இருந்தாலும் மறுவாரமே சேர்ந்துகொண்டான். அதற்குள் அவள் பக்கத்து இடம் பறிபோயிருந்தது. நேர் பின்பெஞ்சுதான் கிடைத்தது.

பாடத்தைவிட அந்த இரண்டு முதுகுகளைத்தான் அவன் அதிகம் படித்தான்.

“‘டீ வெரி ஹாட்’னா, ஊதிக் குடிச்சிடலாம்” என்றார் டீச்சர். “‘டீ டூ ஹாட்’னா, வாயிலயே வைக்க முடியாது. ‘வெரி’ சும்மா நிறையன்னு சொல்லும். ‘டூ’ வந்துட்டா அது புகார்.”

வினைச்சொல்லாக இருந்தால் முன்னால் ‘ஓவர்’ ஒட்டிக்கொள்ளும் என்றார். ஓவர்குக் என்றால் குழைய வேகவைத்துவிடுவது. ஓவர்ஸ்லீப் என்றால் எழ வேண்டிய நேரம் தாண்டியும் தூங்கிவிடுவது.

“நாமதான் இதை எப்பவோ தமிழாக்கிட்டோமே டீச்சர். ரொம்ப ஓவரா போறேன்னு தினமும் ஒருத்தராவது என்னைச் சொல்றாங்க” என்றார் விடுதிச் சமையல்காரர்.

வகுப்பு சிரித்தது. ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும் என்றார் டீச்சர்.

சமையல்காரர் பருப்பை ஓவர்குக் செய்தார். பேருந்து நடத்துனர் அம்மாள் எழுந்து, தன் மாமியார் ‘டாக்ஸ் டூ மச்’ என்றாள். இலக்கணம் சரி, வீட்டில் போய்ச் சொல்லிவிடாதே என்றார் டீச்சர்.

அவன் முறை வந்தது. “தி லிஃப்ட் இஸ் ஓவர்லோடட்” என்றான். தினமும் புழங்கும் வார்த்தை. டீச்சர் பிரமாதம் என்றார்.

மனைவி பார்த்தாளா என்று பார்த்தான். அவள் கண்ணாடிக்கடைக்காரரிடம் குசுகுசுத்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பி அவனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

நக்கல். வேறென்ன?

அவன் கெட்டவன் இல்லை. குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை. மதியம் அவளுக்குப் போன் செய்யாமல் சாப்பிட உட்கார மாட்டான். அவள் எடுக்கத் தாமதமானால், அதுவரை யாருடன் பேசினாய் என்று கேட்பான், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் அவள் வைத்திருந்த தன் படத்தை யார் யாரோ பார்ப்பார்கள் என்றான். அவள் அதை எடுத்துவிட்டு ஒரு பூந்தொட்டியை வைத்தாள். வேலையிடத்துச் சுற்றுலாவுக்குக் கிளம்பியவளிடம், நீ இல்லாமல் சோறு இறங்காது என்றான்; பெட்டியைப் பிரித்துத் துணிகளை மடித்து வைத்துவிட்டாள்.

ஆசை இருக்கிறவனுக்குத்தான் பொறாமையும் இருக்கும் என்பது அவன் கட்சி.

அவள் எழுந்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

“மை ஹஸ்பண்ட் லவ்ஸ் மீ டூ மச்.”

வகுப்பே ‘ஓ’ என்று கூவிக் கை தட்டியது. சமையல்காரர் அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். அவனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. வாயெல்லாம் பல். முதல் வேலையாகக் கண்ணாடிக்கடைக்காரரின் முகத்தைப் பார்த்தான். கேட்டுக்கொள், என்று.

டீச்சரும் சிரித்துக்கொண்டே தலையில் கை வைத்தார். “இப்பத்தானேம்மா சொல்லிக் குடுத்தேன்? இங்க ‘டூ’ வராது. ‘வெரி மச்’னு சொல்லு.”

அவள் உட்காரவில்லை.

“இல்ல டீச்சர். ‘டூ’தான்.”

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. அவன் முதுகில் இருந்த சமையல்காரரின் கை மெதுவாக இறங்கிப்போனது.

டீச்சர் அவளைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். உடனே பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அப்ப வாக்கியம் சரிதான்” என்றார் பலகையிடம்.

அவள் உட்கார்ந்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். யார் பக்கமும் சாயவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் அவள் பக்கம் தலையைச் சாய்த்து ஒரு நொடி காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. அப்படியே பின்னால் திரும்பி அவனிடம் கேட்டார்.

“மாப்ள, எதுக்கு எல்லாரும் கை தட்டினாங்க? எனக்கு ஒரு காது சுத்தமா கேக்காது, இன்னொன்னும் அரைகுறைதான். எப்பவும் தங்கச்சிதான் சொல்லும். இன்னிக்கு என்னவோ பேச மாட்டேங்குது.”

சொல்லிவிட்டுக் கேட்கிற காதை அவன் பக்கம் திருப்பிக் கொடுத்தார். மறக்குமுன் எழுதிக்கொள்ளக் கையில் பென்சில் தயாராக இருந்தது.

அவன் எட்டிக் குனிந்தான். வாயைக் கையால் மறைத்துக்கொண்டான்.

“மை ஹஸ்பண்ட் லவ்ஸ் மீ…” என்று தொடங்கி நிறுத்தினான்.

“ம்?” என்றார் அவர். “வெரி மச்சா, டூ மச்சா?”

ஒரு முழத் தூரத்தில் அவள் பின்கழுத்து அசையாமல் இருந்தது.

பொய் சொன்னால் அவருக்குத் தெரியப் போவதில்லை.

“டூ” என்றான் அவன்.

சரியாகக் கேட்கவில்லை என்று அவர் கையைக் காட்டினார். அவன் இன்னும் சத்தமாகச் சொன்னான்.