ஆதிரை எழுத வேண்டிய பாதி

இரட்டையர்களின் ஆட்டம் அது. அமுதினி கதவின் பின்புறம் சாக்பீஸால் மூன்று இலக்க எண் ஒன்றை எழுதுவாள். ஒட்டினாற்போல் ஆதிரை அதையே மறுபடி எழுதுவாள். அந்த ஆறிலக்க எண் ஏழாலும் பதினொன்றாலும் பதின்மூன்றாலும் எப்போதும் மீதியில்லாமல் வகுபடும். ஆதிரையை அடக்கம் செய்த மறுவாரம் அமுதினி 428 என்று எழுதிவிட்டு அப்படியே நின்றாள்.

"மிச்சத்தையும் நீயே எழுதேன்டி," என்றாள் அம்மா.

"அது அவ எழுதுற இடம்மா."

அம்மா சாக்பீஸை வாங்கினாள். ஆட்டத்தின் விதி தெரியாததால், அடுத்த எண்தானே என்று 428-ஐ ஒட்டி 429 எழுதினாள். அமுதினி அதை அழிக்கவில்லை. ஏழால் வகுத்தாள், பதினொன்றால் வகுத்தாள், பதின்மூன்றாலும் வகுத்தாள்.

"சரியா வந்துச்சாடி?"

"மூணுலயும் ஒண்ணு மிஞ்சுதும்மா."

அம்மா கணக்கைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தாள்.

"அழிச்சிடாதடி," என்றாள்.