மாடிக் கதவில் ஒரு சீட்டு

பரம்பரை வீட்டைப் புதுப்பித்து விடுதியாக்கியபோது மகள் எல்லா அறைகளுக்கும் எண் போட்டாள், அப்பா கண்மூடிய மாடி அறையைத் தவிர. அதில் போர்வைகளை அடுக்கிப் பூட்டிவிட்டாள்.

தங்குகிறவர்கள் காலை உணவுச் சீட்டை எழுதிக் கதவுப்பிடியில் மாட்டிவிட்டுப் படுப்பார்கள். விடிந்ததும் அவள் எடுத்து வருவாள். முதல் வாரமே அந்தப் பூட்டிய கதவிலும் ஒரு சீட்டு தொங்கியது. ஒரு நபர், இரண்டு முட்டை, சர்க்கரை போடாத காப்பி. அப்பாவின் கோணல் கையெழுத்து. எவனோ விளையாடுகிறான் என்று கிழித்துப் போட்டாள். மறுநாளும் தொங்கியது.

"கதவுகிட்ட வெச்சுட்டு வந்துடறேன், நமக்கென்ன?" என்றாள் சமையல்காரி. தட்டு காலியாகத் திரும்பியது. போகப் போக அதுவும் அன்றாட வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

இன்று சீட்டில் இரண்டு நபர் என்றிருந்தது. இரண்டாவது காப்பிக்குச் சர்க்கரை தூக்கலாக. சமையல்காரி இன்னொரு கோப்பையைக் கழுவினாள்.

மகள் அம்மாவின் அறைக்கு ஓடினாள். முழங்கால் வலியால் மூன்று வருடமாகப் படியேறாத அம்மா, குளித்துத் தலைவாரி, ஊருக்குக் கிளம்புகிறவள்போல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, காப்பி இங்க கொண்டு வரவா?"

"வேண்டாம்மா," என்றாள் அம்மா, காலால் செருப்பைத் துழாவியபடி. "எனக்கும் சேர்த்து மேல சொல்லியாச்சு."